மூட்டை கொண்டுவராத நாரை

தைசியா யாசெனோவே கிராமத்துக்கு மருமகளாக வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கணவன் லெவ்கோ கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டினான். பொல்தாவா நகரத்தில் நூலகப் படிப்பு முடித்தவள் என்பதால், வந்த மாதமே கிராம நூலகத்தின் சாவி அவள் கைக்கு வந்துவிட்டது. இரண்டு அறை, ஒரு இரும்பு அடுப்பு, நாலாயிரத்துச் சொச்சம் புத்தகம். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினால் பண்ணைத் தலைவரையே அதட்டுவாள். அச்சில் வந்த எதன் மேலும் அவளுக்கு அப்படி ஒரு பக்தி. அந்தப் பக்திதான் தன்னைக் கெடுத்தது என்று பிற்காலத்தில் அவளே சொல்வாள். சொல்லிவிட்டு, "அதுவும் ஒரு சாக்குதான்" என்பாள்.

நூலகத்துக்கு எதிர்வீடு ஹோர்பினாப் பாட்டியுடையது. எழுபத்தாறு வயது, ஒற்றை ஆள். மகள் மெலானியா பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். குளிர்காலத்தில் அம்மாக்கள் எல்லோரும் மாட்டுப்பண்ணையில் இருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் நேராகப் பாட்டி வீட்டுக்குத்தான் ஓடும். அங்கே செங்கல்லால் கட்டிய பெரிய அடுப்பு கனிந்து இருக்கும். அடுப்பு மேடை மேல் ஏறி ஐந்தாறு பேர் நெருக்கியடித்துப் படுத்துக்கொள்ளலாம். வறுத்த பூசணி விதை கிடைக்கும். கதையும் கிடைக்கும்.

"தோலைத் தரையில துப்பினீங்கன்னா கதை பாதியில நின்னுடும், பார்த்துக்கோங்க" என்று பாட்டி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே ஆரம்பிப்பாள்.

தைசியாவும் நூலகத்தைப் பூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்ததுண்டு. பாட்டியிடம் நரிக்கதை, பாம்புக்கதை, சூனியக்காரிக்கதை என்று நிறைய இருந்தன. ஆனால் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டது நொண்டி நாரையின் கதையைத்தான்.

ஒரு செங்கால் நாரை. ஒரு கால் ஒடிந்துபோனதால் இலையுதிர் காலத்தில் கூட்டத்தோடு தெற்கே பறக்க முடியாமல் தங்கிவிட்டது. பனி விழ ஆரம்பித்தது. நாரை வீடு வீடாகப் போய் அலகால் கதவைத் தட்டியது. மில்காரன் நாயை அவிழ்த்துவிட்டான். பாதிரியார் வீட்டம்மா ஜன்னலை மூடினாள். ஊர்க்கோடியில் ஒரு விதவை. ஏழு பிள்ளைகள், ஏழு கரண்டி, சட்டியில் ஒரே ஒரு பூசணிக்காய். அவள் கதவைத் திறந்து, மரத்துண்டு ஒன்றைச் செதுக்கி எட்டாவது கரண்டி செய்து, "இதுவும் இருக்கட்டும்" என்று மேஜையில் வைத்தாள். நாரை குளிர்காலம் முழுக்க அவர்களோடு இருந்தது. வசந்தம் வந்ததும் பறந்துபோனது.

திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் கதை. ஆனாலும் விதவை எட்டாவது கரண்டியை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் அதை மேஜையில் வைத்தாள். இந்த இடத்தில் பாட்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஏதாவது ஒரு பிள்ளையைப் பார்ப்பாள்.

"இன்னைக்கு அந்தக் கரண்டி யாருக்குடா?"

ஒருநாள் ஸ்தெபான் என்ற பையன், "யுகீமுக்கு" என்றான்.

"ஏன்டா அவனுக்கு? நேத்துதானே உன் தொப்பிய அவன் பனியில வீசினான்னு மூக்கால அழுத?"

"அவங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்கா. அவங்கப்பா சமைக்கிறதே இல்ல, பாட்டி."

பாட்டி மறுபடி கத்தியை எடுத்தாள். மறுநாள் துணியில் கட்டிய சட்டியோடு அவள் யுகீம் வீட்டுப் பக்கம் நடந்ததைத் தைசியா நூலக ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். அந்தக் கதை எதற்காகச் சொல்லப்பட்டது என்பதை அன்றே தன் கண்ணால் பார்த்தும் புரிந்துகொள்ளவில்லையே என்று அவள் பின்னால் நொந்துகொண்டது இந்த ஒரு காட்சிக்காகத்தான்.

எழுபத்தொன்பதாம் வருடம் தலைநகரத்துப் பதிப்பகம் ஒன்று கிராமத்துக் கதைகளைச் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் போடப்போவதாக நூலகங்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பியது. தைசியா நோட்டுப்புத்தகத்தோடு பாட்டி வீட்டில் போய் உட்கார்ந்தாள். மூன்று நாள் எழுதினாள். பாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இதையெல்லாம் போய் எழுதுவாங்களாடி? படிச்ச பொண்ணுன்னு பார்த்தா நீயும் எங்களை மாதிரிதான் இருக்க."

"புத்தகமா வரும் பாட்டி. படத்தோட."

"நாரைக்கு ஒரு காலுதான் போடச் சொல்லு. ரெண்டு போட்டுடப் போறான்."

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நாரைக்கதை பிடித்திருக்கிறது, ஆனால் அதற்குச் சரியான முடிவு இல்லை. நல்லவளுக்குப் பலன் கிடைக்கவில்லை, பேராசைக்காரனுக்குத் தண்டனை இல்லை. பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? பசியைப் பற்றிய பேச்சும் அதிகம், குறைத்துக்கொள்ளவும். முடிவைச் சரிசெய்து அனுப்பினால் தொகுப்பில் முதல் கதையாகப் போடுகிறோம்.

முதல் கதை! தைசியாவின் மனம் அங்கேயே விழுந்துவிட்டது. அவளை யாரும் வற்புறுத்தவில்லை, மிரட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லெவ்கோ மீன் பிடிக்கப் போன நேரத்தில் உட்கார்ந்து புது முடிவு எழுதினாள். வசந்தத்தில் நாரை திரும்பி வருகிறது. அலகில் ஒரு மூட்டை. அதிலிருந்து கோதுமை கொட்டுகிறது, கொட்டிக்கொண்டே இருக்கிறது. மில்காரன் தானும் ஒரு நாரையின் காலை ஒடித்துக் கட்டிவிடுகிறான்; அவனுக்கு வந்த மூட்டையிலிருந்து குளவிகள் கிளம்புகின்றன. எழுதிவிட்டு இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. பாட்டியின் முடிவைவிட இதுவே நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்தாள். அந்த மதிய நேரத்துச் சந்தோஷத்தை அவளால் சாகும்வரை மறக்க முடியாது. தப்புச் செய்ததுகூட இல்லை, அதைச் சந்தோஷமாகச் செய்ததுதான் அவளைக் குடைந்தது.

பாட்டியிடம் சொல்லவில்லை. சொல்லலாம் என்று இரண்டு தடவை எதிர்வீட்டு வாசல்வரை போனாள். புத்தகம் வரட்டும், வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டாள்.

எண்பத்தொன்றில் புத்தகம் வந்தது. வழவழ அட்டை, வண்ணப் படங்கள். நாரைக்கு ஒரே கால். கதையின் அடியில் சின்ன எழுத்தில், "யாசெனோவே கிராமம். எழுதி அனுப்பியவர்: தைசியா பாவ்லிவ்னா" என்று இருந்தது. சொன்னவள் பெயர் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் நாற்பது பிரதிகள் வந்தன. பாட்டிக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பதே சிரமம், அவள் படங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒத்தக் காலு. சொன்னதைக் கேட்டுட்டான்" என்று மகிழ்ந்துபோனாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஆரம்பித்தது. பாட்டி கதையின் கடைசிக்கு வந்து கத்தியைக் கீழே வைத்தாள். ஒலேஸ்யா என்ற ஏழு வயதுப் பெண் அடுப்பு மேடையிலிருந்து தலையை நீட்டி, "பாட்டி, மூட்டையை விட்டுட்டீங்க" என்றாள்.

"என்ன மூட்டைடி?"

"கோதுமை மூட்டை! நாரை கொண்டுவருமே. மில்காரனைக் குளவி கொட்டுமே. புத்தகத்துல படமே இருக்கு."

"போடி வாயாடி. என் கதையில மூட்டையும் இல்ல முடிச்சும் இல்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தாள். அடுத்த வாரமும் ஒருவன் அதையே சொன்னான். அதற்கடுத்த வாரம் கரண்டி யாருக்கு என்று கேட்கவே விடவில்லை, எல்லோரும் சேர்ந்து "மூட்டை! மூட்டை!" என்று கத்தினார்கள். தைசியா வாசலோரம் நின்று இதைக் கேட்டாள். உள்ளே போகாமல் வீட்டுக்கு வந்து, அன்று போர்ஷ்ட் சூப்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள்.

"என்னடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று லெவ்கோ கேட்டான்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் சூப்பைத் தள்ளி வைத்தான். "இது என்ன பெரிய விஷயம்? நாளைக்குப் போய்க் கிழவிகிட்ட சொல்லிடு. நாலு திட்டு திட்டும். வாங்கிக்கிட்டு வா."

நாளைக்கு என்றது ஒரு மாதம் ஆயிற்று.

அடுத்த மாதம் நூலகத்தில் புத்தக விழா. மாவட்டத்திலிருந்து மூன்று அதிகாரிகள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹோர்பினாப் பாட்டிக்குப் பூப்போட்ட தலைத்துணி கட்டி நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். நாரைக்கதை சொல்லச் சொன்னார்கள். பாட்டி அழகாகச் சொன்னாள். பாதிரியார் வீட்டம்மா ஜன்னலை மூடுகிற சத்தத்தை நாக்கால் எழுப்பியபோது அதிகாரிகளே சிரித்தார்கள். நாரை பறந்துபோனது. "திரும்பி வரல" என்றாள் பாட்டி.

"வரும்!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்.

பாட்டி நிறுத்தினாள். கூட்டத்தில் தேடித் தைசியாவைக் கண்டுபிடித்தாள். கேலி இல்லை, கோபம் இல்லை. வழி தெரியாதவள் வழி கேட்கிறமாதிரி கேட்டாள்.

"தைசியா, நீதானே எழுதினவ. சொல்லும்மா. நான் தப்பாவா சொல்றேன்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளதைச் சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். அதிகாரிகள் முகம், பதிப்பகத்தின் பாராட்டுக் கடிதம், சுவரில் தொங்கிய தன் புகைப்படம் எல்லாம் அந்த நொடிக்குள் வந்து நின்றன.

"புத்தகத்துல இருக்கறதுதான் பாட்டி சரி" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "வயசாச்சில்ல, மறந்திருக்கும்" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

"அப்படியா?" என்றாள் பாட்டி. தலைத்துணி முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இருக்கும், இருக்கும்." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "சரி, நாரை மூட்டையோட வந்துச்சு" என்று முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவள் கதை சொல்லவில்லை. பிள்ளைகள் போனால் பூசணி விதை கொடுப்பாள். "கதையா? அதான் புத்தகம் இருக்கே, கண்ணு. என் மண்டை ஓட்டையாயிடுச்சு" என்பாள். நாளடைவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் கலாசார மன்றத்துத் தொலைக்காட்சிக்குப் போக ஆரம்பித்தார்கள்.

தைசியா தேன் கேக் செய்து எடுத்துக்கொண்டு போனாள். விறகு வெட்டிக் கொடுக்க லெவ்கோவை அனுப்பினாள். ஜன்னல் கண்ணாடி மாற்றிக் கொடுத்தாள். பாட்டி ஒவ்வொரு தடவையும், "எதுக்கும்மா உனக்கு இவ்வளவு சிரமம்? தங்கமான பொண்ணு நீ" என்று வாழ்த்தினாள். அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு வெளியே வருவது தைசியாவுக்குச் செருப்படியைவிட மோசமாக இருந்தது. உண்மை நாக்கு நுனிவரை வரும். பாட்டி, "டீ குடிக்கிறியா?" என்பாள். உண்மை உள்ளே போய்விடும். இப்படியே நாலு வருடம் ஓடியது. எண்பத்தாறு மார்ச்சில் ஹோர்பினா மகள் வீட்டில் இறந்துபோனாள். பனி இளகிச் சேறான பாதையில் டிராக்டர் இழுத்த வண்டியில் உடலை யாசெனோவேக்குக் கொண்டுவந்தார்கள். டிராக்டரை ஓட்டியவன் லெவ்கோ.

காலம் மாறியது, ஆட்சியும் மாறியது. தொண்ணூற்றிரண்டில், முப்பத்துமூன்றாம் வருடத்துப் பஞ்சத்தில் செத்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் சிலுவை நடுவது என்று ஊர் முடிவு செய்தது. பழைய ஆட்சியில் அந்தப் பஞ்சத்தைப் பேசுவதே குற்றம் என்பதால், அதுவரை அதை வாய்விட்டுச் சொன்னவர்கள் இல்லை. தெரிந்தவர்கள் வந்து பெயர் கொடுக்கலாம், நூலகத்தில் தைசியா எழுதிக்கொள்வாள் என்று அறிவித்தார்கள். வயதானவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருநாள் முற்பகல் மெலானியா வந்தாள். அம்மாவின் அதே நெற்றி, அதே கைகள்.

"எழுதிக்கோங்க, தைசியா பாவ்லிவ்னா" என்று தாய்மாமன்கள் இருவர் பெயரையும் ஒரு தம்பியின் பெயரையும் சொன்னாள். பிறகு, "இன்னொண்ணு இருக்கு. அதுக்குப் பேரு தெரியாது" என்றாள்.

"பேரு இல்லாம எப்படிக்கா எழுதறது?"

"ஒரு பொண்ணு. பத்து வயசு இருக்கும். வெளியூரு. எனக்கு அப்ப அஞ்சு வயசு. சட்டியில பீட்ரூட் தழை வெந்துக்கிட்டு இருந்துச்சு, நாங்க சுத்தி உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் வந்து கதவைத் தட்டினா. மூணு தடவ. 'அத்தை'ன்னு கூப்பிட்டா. அம்மா என் வாயைப் பொத்திட்டாங்க, தம்பி வாயையும் பொத்திட்டாங்க. நாங்க வீட்டுல இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தோம். காலையில கிணத்தோரம் கிடந்தா. தம்பியும் பொழைக்கல. அந்தத் தழை யாரையும் காப்பாத்தல."

தைசியாவின் பேனா நின்றுவிட்டது.

"அம்மா ஒரு நாரைக்கதை சொல்வாங்க, ஞாபகமிருக்கா உங்களுக்கு? அவங்க பாட்டி சொன்னதுல நாரை ஏதோ மூட்டை கொண்டுவரும்னு முடியுமாம். பஞ்சத்துக்கு அப்புறம் அம்மா அதைத் தூக்கிப் போட்டுட்டாங்க. 'எந்த நாரையும் எந்த மூட்டையும் கொண்டுவராது, மெலானியா. எதுவும் திரும்பி வராதுன்னு தெரிஞ்சும் கதவைத் திறக்கணும். அதைத்தான் பிள்ளைங்களுக்குச் சொல்லணும்'பாங்க. அந்தக் கரண்டி அந்தப் பொண்ணுக்கு வச்சது. நாப்பது வருஷமா ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் கேட்டுக் கேட்டு..."

தைசியா எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பதினோரு வருடமாகத் தொண்டையில் நின்றது அப்போது வெளியே வந்தது. கடிதம் வந்தது, ஞாயிற்றுக்கிழமை மதியம், புத்தக விழா, வயதாகிவிட்டது என்று சேர்த்துச் சொன்னது. எதையும் மறைக்காமல் சொன்னாள்.

மெலானியா அசையாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் மரியாதையெல்லாம் போய்விட்டது.

"நீயா? நீதானா அது?" என்றாள். "சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? 'மெலானியா, நான் எப்பவுமே மூட்டைன்னுதான் சொன்னேனா? அப்ப அந்தப் பொண்ணை நானா கற்பனை பண்ணிக்கிட்டேனா?'ன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஜுரத்துல பேசறாங்கன்னு நெனச்சு, 'ஆமாம்மா, ஆமா, தூங்கு'ன்னுட்டேன். அடிப்பாவி, என்னையும் பொய் சொல்ல வச்சுட்டியே!"

"என்னை மன்னிச்சிடுங்கக்கா."

"மன்னிக்க நான் யாரு? என்கிட்ட கேட்காதே." அவள் தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "அந்தப் பொண்ணை எழுதினியா? பேரு இல்லாட்டியும் எழுது."

தைசியா எழுதினாள். 'பெயர் தெரியாத சிறுமி, சுமார் பத்து வயது.' சிலுவைக் கல்லில் அது கடைசி வரியாக இருக்கிறது.

பதிப்பகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினாள். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவது, முகவரியில் யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. நூலகத்தில் மிஞ்சியிருந்த ஆறு பிரதிகளிலும் பள்ளிக்கூடத்தில் கிடைத்த ஒன்பதிலும் கதையின் முடிவுப் பக்கத்தின் மேல் கையால் எழுதிய தாளை ஒட்டினாள். பாட்டியின் முடிவு, அதற்குக் கீழே, 'இந்தக் கதையைச் சொன்னவர் ஹோர்பினா. முடிவை மாற்றியவள் நான், தைசியா. அவர் கேட்டபோது பொய் சொன்னேன்.' மீதிப் பிரதிகள் எந்தெந்த ஊரில், எந்தெந்த வீட்டு அலமாரியில் இருக்கின்றனவோ, யாருக்குத் தெரியும்? பதினைந்துதான் அவளால் முடிந்தது.

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொன்னாள். அவளுக்குப் பாட்டியின் நாக்கு இல்லை. ஜன்னல் மூடும் சத்தம் வரவில்லை. "மூட்டைதான் டீச்சர் நல்லா இருக்கு" என்று பாதிப் பிள்ளைகள் சொன்னார்கள். ஒட்டிய தாளை நகத்தால் சுரண்டி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். ஒருதடவை ஒரு சிறுமி, "அந்தப் பாட்டிகிட்ட நீங்க மன்னிப்புக் கேட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஏன்? எதிர்வீடுதானே?"

"ஆமா, எதிர்வீடுதான்" என்றாள் தைசியா. 

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கிராமமே கல்லறைத் தோட்டத்தில் கூடும். ஒவ்வொரு குடும்பமும் தங்களவர்கள் பக்கத்தில் துணி விரித்து, சாயமிட்ட முட்டையும் இனிப்பு ரொட்டியும் வைத்துச் சாப்பிடும். தைசியா அன்று ஹோர்பினாவின் கல்லறைக்கு மட்டும் போகமாட்டாள். எல்லோரும் கலைந்த பிறகு, மறுநாள் தனியாகப் போய் ஒரு முட்டை வைத்துவிட்டு வருவாள். வருடக்கணக்காக அப்படித்தான்.

லெவ்கோ இறந்த மறு வருடம் அவளுக்கு நாள் குழம்பியதோ, மனம் இழுத்ததோ, ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டாள். மெலானியா தனியாக இருந்தாள். எண்பதை நெருங்கிவிட்டவள்; முழங்காலில் நின்று புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. தைசியா கையில் முட்டையோடு நின்றாள். போவதா, நிற்பதா என்று தெரியவில்லை.

மெலானியா நிமிர்ந்து பார்த்தாள். 

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே" என்றாள்.

"இல்லக்கா. நெனைக்கல."

"என் முட்டிக்கு இனிமே ஆகாது. அந்தப் பக்கம் பூரா முள்ளு மொளைச்சிருக்கு. குனிய முடியுமா உன்னால?"

"முடியும்."

மெலானியா புல் செதுக்கியை நீட்டினாள். தைசியா அதை வாங்கிக்கொண்டு, பாட்டியின் தலைமாட்டுப் பக்கம் போய் முழங்காலிட்டு வேரோடு பிடுங்க ஆரம்பித்தாள்.